வீட்டுக்குள் இடம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுடன் அறையின் படத்தையும் வரைந்து அனுப்பியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. நீள அகலத்தோடு, கதவுகள் எந்தச் சுவரில் இருக்கின்றன, மூலையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கின்றன, எந்தப் பக்கமாகத் திறக்கின்றன என்பதையும் குறித்து அனுப்புங்கள். சோபாவின் அளவைவிட அந்த விவரம்தான் பதில் சொல்ல எனக்கு அதிகம் உதவுகிறது.

கேள்வி: அடுக்குமாடியில் புது வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். ஹால் கிழக்கு மேற்காக 14 அடி, தெற்கு வடக்காக 10 அடி. கிழக்குச் சுவரின் தென்கோடியில் தலைவாசல், மேற்குச் சுவரின் தென்கோடியில் சமையலறைக்குப் போகும் வழி, தெற்குச் சுவரில் இரண்டு படுக்கையறைக் கதவுகள், வடக்குச் சுவரில் 4 அடி அகல ஜன்னல். மூவர் உட்காரும் சோபா ஒன்று, ஒருவர் உட்காரும் சோபா இரண்டு, டீப்பாய், டிவி ஸ்டாண்டு, நால்வருக்கான சாப்பாட்டு மேசை என எல்லாவற்றையும் சுவரோரமாகத்தான் போட்டிருக்கிறோம். ஆனாலும் யாராவது எழுந்து நடந்தால் இன்னொருவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதை விற்றுவிடலாம்? – ஒரு வாசகி, ஆனையூர்.

பதில்: விற்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், சகோதரி. முதலில் பொருள்களை மறந்துவிட்டு, உங்கள் வீட்டார் நடக்கும் வழியைப் பாருங்கள். தலைவாசல், இரண்டு படுக்கையறைக் கதவுகள், சமையலறை ஆகிய நான்கும் தெற்குச் சுவரை ஒட்டிய ஒரே கோட்டில் அமைந்திருப்பது உங்கள் வீட்டின் பெரிய வசதி. அந்தச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு செருப்பு ஸ்டாண்டுகூட இல்லாமல் விட்டுவிடுங்கள். 140 சதுர அடியில் 42 சதுர அடி வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 42 சதுர அடியைத் தெருவாக ஒதுக்கிய பிறகு மிஞ்சும் 14 அடிக்கு 7 அடி இடம், குறுக்கே யாரும் நடக்காத ஒரு முழு அறையாக உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இப்போது உங்கள் வீட்டில் வழியும் இருக்கையும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால்தான் இரண்டுமே போதாமல் இருக்கின்றன.

அந்த 7 அடி அகலத்தில் எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்காமல், குறுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிவியைக் கிழக்குச் சுவரில், தலைவாசலுக்கு வடக்கே வையுங்கள். நீள சோபாவை அதை நோக்கி, வடக்குச் சுவரிலிருந்து தெற்கு நோக்கி நீளும்படி அறையின் குறுக்கே போட்டு, அதன் முன் விளிம்பு டிவி சுவரிலிருந்து 6 அடியில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சோபாவின் ஆழம் 2 அடி 9 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதன் முதுகுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே 5 அடி 3 அங்குலம் மிஞ்சும். இரண்டரை அடி அகலமுள்ள சாப்பாட்டு மேசையின் நீளப் பக்கத்தை மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டால், நாற்காலியை இழுத்து உட்கார 2 அடி 9 அங்குலம் கிடைக்கிறது. இரண்டரை அடிக்குக் குறைந்தால்தான் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார வேண்டிவரும். மேசையை வடக்குச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி வைத்தால் அந்தக் கோடியிலும் ஒருவர் உட்காரலாம். அன்றாடம் மூவர் வசதியாகச் சாப்பிட முடியும். நான்காமவர் வரும் நாளில் மேசையைச் சற்று இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சோபாவின் முதுகு வாசலிலிருந்து வருபவர் கண்ணில் படாதா, அறையின் நடுவில் சாமான் நிற்கலாமா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். தலைவாசல் கிழக்கே இருப்பதால் உள்ளே வருபவருக்கு அதன் முகம்தான் தெரியும். முதுகு சாப்பிடும் பக்கம் போய்விடுகிறது. 3 அடிக்கும் குறைவான உயரமுள்ள சோபா பார்வையையோ காற்றையோ மறிப்பதில்லை. டிவியைப் பொறுத்தவரை, திரையின் மூலைவிட்ட அளவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் 43 அங்குலத் திரைக்கு அது 5 அடி 4 அங்குலம்தான். சோபாவில் சாய்ந்து உட்கார்பவர் கண் அதைவிடத் தள்ளியே இருக்கும். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வரட்டும். கடைகளில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு 5 அடியில் மாட்டிக் கழுத்து வலியோடு இருக்கும் குடும்பங்கள் பல உண்டு.

ஒற்றை சோபாக்களில் ஒன்றை ஜன்னலோரம், டிவிக்கும் நீள சோபாவுக்கும் இடையே போடலாம். மற்றொன்றைப் படுக்கையறை ஜன்னலருகே வைத்துவிடுங்கள்; புத்தகம் படிக்கவும் துணி மடிக்கவும் அது உதவும். டீப்பாய் உங்கள் ஹாலுக்குத் தேவையில்லை. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒன்றேகால் அடியாவது வேண்டும். அவ்வளவு இடத்தை அதற்குக் கொடுத்தால் உட்காரும் இடம் மறுபடியும் அடைபடும். சோபாக் கையருகே சிறிய முக்காலி ஒன்று போதும்.

இவற்றை நகர்த்துவதற்கு முந்தைய இரவு ஒரு வேலை செய்யுங்கள். ஹாலில் உள்ள சாமான்களைத் தற்காலிகமாக அறைகளுக்குள் தள்ளிவிட்டு, இஞ்ச் டேப்பையும் கோலமாவையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளும் நிற்கப்போகும் இடத்தை அதன் உண்மையான அளவில் தரையில் கோடாக இழுத்துவிடுங்கள். கதவு திறக்கும்போது வீசும் கால்வட்டத்தையும், நாற்காலி பின்னுக்கு நகரும் இடத்தையும் சேர்த்துக் கோடிடுங்கள். மறுநாள் முழுவதும் எப்போதும்போல் புழங்குங்கள். கோட்டை மிதிக்காதே என்று பிள்ளைகளை அதட்ட வேண்டாம். மாலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், சில கோடுகள் இழுத்தபடியே இருக்கும். சில இடங்களில் மாவு கலைந்து, பாதம் பட்ட தடம் தெரியும். கலைந்த இடத்தில் எந்தச் சாமானையும் வைக்காதீர்கள். நான் பொறுப்பேற்கும் எந்த வீட்டிலும் தச்சரை வரச் சொல்வதற்கு முன் இதைச் செய்துவிடுவேன். வரைபடத்தில் நான் கவனிக்கத் தவறியதை அந்தக் கலைந்த மாவு பலமுறை காட்டிக்கொடுத்திருக்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வந்து தங்குவார்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீள சோபாவின் கால்களுக்கு அடியில் கனமான கம்பளித் துணியை ஒட்டி வைத்தால், இருவர் சேர்ந்து கீறலின்றி மேற்கே தள்ளிவிடலாம்; பாய் விரிக்க இடம் கிடைத்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்காக ஆண்டு முழுவதும் ஹாலைக் காலியாக வைத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. உள் அகலம் பத்தரை அடி. நீளம் 60 அடிக்கு மேல். திண்ணை, ரேழி, முற்றம், பட்டாசாலை, அதன்பின் சமையற்கட்டு என வரிசையாகப் போகிறது. கதவுகள் எல்லாம் நடுவில் நேர்க்கோட்டில் உள்ளன. பட்டாசாலையில் மாமியாரின் பெரிய ஊஞ்சல், இரண்டு பீரோக்கள், ஒரு கட்டில் இருக்கின்றன. பகலிலும் விளக்கில்லாமல் முடியாது. முற்றத்தைத் தகரம் போட்டு மூடி அறையாக்கிவிட்டால் கட்டிலையும் பீரோவையும் அங்கே மாற்றிவிடலாம் என்கிறார் என் கொழுந்தனார். செய்யலாமா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: வேண்டாம், அம்மா. இதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காகச் சதுரம் போட்டது போன்ற வீதிகளைக் கொண்ட ஊர் நம்முடையது. அந்த வீதிகளிலும் அவற்றை இணைக்கும் சந்துகளிலும் முகப்பைக் குறுக்கி, உள்ளே நீளமாக, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டிய வீடுகளே அதிகம். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லாத அந்த வீடுகளுக்கு வெளிச்சம் வருவதும், சூடான காற்று மேலேறி வெளியேறுவதும் முற்றத்தின் வழியாகத்தான். அதை மூடினால் உங்களுக்கு ஓர் அறை கூடும். ஆனால் பட்டாசாலை, ரேழி ஆகிய இரண்டும் இப்போதிருக்கும் வெளிச்சத்தையும் இழக்கும். தகரத்தின் கீழ் பங்குனி, சித்திரை வெயிலில் அந்தப் புது அறையில் பகலில் இருக்கவும் முடியாது. மழைச் சாரலும் குரங்குத் தொல்லையும்தான் கவலை என்றால், முற்றத்தின் வாய்க்குக் கம்பி வலை போட்டு, கூரை மட்டத்துக்கு 2 அடி உயரத்தில் ஒளி ஊடுருவும் ஷீட் ஒன்றை நான்கு பக்கமும் திறந்தபடி தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். மழை நிற்கும், காற்றின் வழி அடைபடாது.

இனி பட்டாசாலைக்கு வருவோம். கதவுகள் நடுவில் இருப்பதால் 3 அடி நடைபாதையும் நடுவிலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் மூன்றே முக்கால் அடிதான் மிஞ்சும். இந்த அகலத்தில் இக்கால சோபாவைப் போட்டால் உட்கார்ந்தவரின் முழங்கால் நடைபாதையில் நிற்கும். நம் முன்னோர் இத்தகைய வீடுகளில் விசுப்பலகையும் சுவரலமாரியும் வைத்துக்கொண்டதன் காரணம் இதுதான்: ஒன்றரை அடி ஆழத்துக்கு மேல் எதுவும் சுவரை விட்டு வெளியே நீட்டக் கூடாது. நீங்களும் ஒரு பக்கச் சுவர் நெடுக, அடியில் பெட்டி வைத்த ஒன்றரை அடி அகலப் பலகை இருக்கையை அமைத்துக்கொள்ளலாம். பாத்திரம், பாய், தலையணை எல்லாம் அதற்குள் போய்விடும். அகலமான கட்டில் இந்த இடத்துக்குச் சரிப்படாது. 3 அடி ஒற்றைக் கட்டிலை மறுபக்கச் சுவரோரம் நீளவாக்கில் போட்டால் பாதையைத் தொடாது.

பீரோக்களை முற்றத்துக்கு அடுத்த சுவரோரம் வைக்காதீர்கள். இப்போது அவைதான் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் பட்டாசாலையின் உள்கோடிக்குக் கொண்டுபோய், சமையற்கட்டுக் கதவின் இருபுறமும், கண்ணாடி பதித்த பீரோவின் முகம் முற்றத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முன்பகலில் முற்றத்துத் தரையில் விழும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு அறைக்குள் திரும்புவதை நீங்களே காண்பீர்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பதையும் இந்த வேலையோடு சேர்த்து முடித்துவிடுங்கள். சமையற்கட்டுச் சுவரில் ஈரம் இருந்தால் பீரோவின் முதுகு துருப்பிடிக்கும். மூன்று விரற்கடை இடைவெளி விடுங்கள்.

ஊஞ்சலைக் கழற்றிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. கழற்ற வேண்டாம். ஊஞ்சலுக்குத் தேவைப்படுவது பலகையின் அளவு மட்டுமல்ல, அது ஆடும் தூரமும்தான்: 2 அடிப் பலகை என்றால் முன்னும் பின்னும் 3 அடி வீதம் மொத்தம் 8 அடி. உங்கள் பத்தரை அடி அகலத்தில் அது அடங்கும், ஆனால் ஆடும் நேரத்தில் பாதை அடைபடும். ஆகவே பட்டாசாலையின் நடுவிலிருந்து அதை எடுத்து, முற்றத்தை ஒட்டிய முதல் உத்தரத்துக்கு மாற்றுங்கள். சங்கிலியின் கொக்கிகள் எளிதில் கழலும்படி இருந்தால், விசேஷ நாட்களில் பலகையைச் சுவரில் சாய்த்துவிடலாம். மாமியார் காற்றும் வெளிச்சமும் வரும் இடத்தில் உட்கார்ந்து வாசலையும் சமையற்கட்டையும் ஒருசேரப் பார்க்க முடியும் என்பதால் இந்த மாற்றத்துக்கு அவரே முன்வருவார் என்று நம்புகிறேன். கொக்கியை மாட்டுமுன், உத்தரம் சுவருக்குள் நுழையும் இரண்டு முனைகளையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தென்று உள்ளீடற்ற ஒலி வந்தால் கரையான் புகுந்திருக்கிறது. தச்சர் பார்க்காமல் அதில் எடை ஏற்றக் கூடாது.

கேள்வி: கட்டிலை எந்தத் திசையில் போடுவது? வடக்கே தலை வைக்கக் கூடாது என்கிறார்கள். ஆனால் எங்கள் அறையில் வடக்குச் சுவர் மட்டுமே காலியாக இருக்கிறது. – ஒரு வாசகர், திருமங்கலம்.

பதில்: ‘உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு’ என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லிவருவது. குடும்பத்தார் அதை மதிக்கும்போது நானும் அதை மதித்தே திட்டமிடுகிறேன்; மனம் ஒப்பாத இடத்தில் தூக்கம் வராது. உங்கள் வீட்டில் கட்டிலின் தலைப்பக்கம் வடக்குச் சுவரைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டிலின் நீளப் பக்கத்தை வடக்குச் சுவரோடு ஒட்டினால் தலை கிழக்கே வந்துவிடும். உள்பக்கம் படுப்பவர் இரவில் இறங்குவது சற்றுச் சிரமம் என்பதால், வெளிப்பக்கத்திலும் கால்மாட்டிலும் 2 அடியாவது விடுங்கள்.

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படுக்கையறையின் மேற்குச் சுவர் இரவு 11 மணிக்குக்கூடத் தொட முடியாதபடி சுடுகிறது. கட்டிலின் தலைப்பக்கம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. பீரோ கிழக்குச் சுவரில். ஏசி வாங்குவதற்கு முன் வேறு வழி உண்டா? – ஒரு வாசகர், ஒத்தக்கடை.

பதில்: கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றிப் போடுவதே முதல் வழி, அதற்குச் செலவும் இல்லை. 9 அங்குலச் செங்கல் சுவர் பிற்பகல் முழுவதும் வாங்கிய வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை; பல மணி நேரம் கழித்து, நீங்கள் படுக்கும் வேளையில்தான் அது அறைக்குள் இறங்குகிறது. தலையை அந்தச் சுவரில் வைத்துப் படுப்பது அடுப்பருகே படுப்பதைப் போன்றது. பீரோவையும் துணி அலமாரியையும் மேற்குச் சுவர் நெடுக, 2 அல்லது 3 அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினால், சுவரின் சூடு நேராக உங்கள்மேல் வீசாமல் அவை மறித்துக்கொள்ளும். மாத்திரை மருந்துகளை மட்டும் அந்த அலமாரியில் வைக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கம் கிழக்குச் சுவருக்குப் போகட்டும். மின்விசிறி நெஞ்சுக்கு நேர்மேலே வருமாறு அளந்து போடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரை தடுத்து என்ன பயன்? சூடு அறைக்குள் வந்தாயிற்று. மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். வெயில் இறங்கியதும் சுருட்டி மேலே கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். ஆனி, ஆடியில் நமக்கு மேற்கிலிருந்துதான் காற்று வருகிறது. அந்த ஜன்னலை ஒரேயடியாக அடைத்துவிட்டால் அதையும் இழப்பீர்கள். காற்று புகுந்தால் வெளியேற வழி வேண்டும் என்பதால், எதிரே உள்ள கதவின் பின்னால் எதையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

வடக்கு ஜன்னலைப் பற்றியும் ஒரு சொல். வடக்கில் வெயிலே வராது என்று நம்பிப் பலர் அங்கே சன்ஷேடைக் குறைத்துவிடுகிறார்கள். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் நடுப்பகல் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை, அதாவது ஆவணியின் முற்பகுதி வரை, நமக்குச் சற்று வடக்கே சாய்ந்தே செல்கிறது. மே, ஜூன் மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக விழும். படிக்கும் மேசையை அங்கே போடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: 74 வயதான என் அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் வீடு திரும்புகிறார். வாக்கர் வைத்துத்தான் நடப்பார். அவருடைய அறையை எப்படி மாற்றி அமைக்க வேண்டும்? – ஒரு வாசகி, திருநகர்.

பதில்: அப்பா விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். கட்டிலிலிருந்து கழிவறை வரை அவர் நடக்கும் வழியை இன்றே அளந்துவிடுங்கள். வாக்கரின் அகலமே ஏறத்தாழ 2 அடி. பிடித்துக்கொண்டு ஒருவர் உடன் வரவும் வேண்டும் என்பதால் 3 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த வழியில் கால்மிதி, தரைவிரிப்பு, சார்ஜர் ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. கழிவறை நிலையின் உள் அகலத்தில் வாக்கர் நுழைகிறதா என்பதை அவர் வருமுன்னரே நீங்கள் நடந்து பார்த்துவிடுங்கள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், ஆசாரியை அழைத்து வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவு அவர் உடம்பிலேயே முட்டும்.

மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால், பெரும்பாலானோருக்குப் பாதம் முழுவதும் தரையில் பதியும். அப்பாவின் உயரத்துக்கும் சிகிச்சைக்கும் ஏற்ற அளவை அவருக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உயர்த்த வேண்டுமானால் செங்கல்லை அடுக்காமல், கட்டில் கால் உட்காரக் குழி வெட்டிய மரக்கட்டைகளைச் செய்துகொள்ளுங்கள். உட்காருவதற்குக் கையுள்ள கெட்டியான நாற்காலி வேண்டும். புதைகிற சோபாவிலிருந்து எழுவது அவருக்குக் கடினம். கழிவறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழச் சொல்லாதீர்கள். அது அந்த எடையைத் தாங்குவதற்காகப் பொருத்தியது அல்ல. பிடிமானக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டுத் தனியாகப் பொருத்த வேண்டும்.

இன்னொன்று, என் வீட்டில் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், இடம் நெருக்கமாக இருக்கிறதென்று அம்மாவின் அறையில் இருந்த முக்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவரிடம் சொல்லவும் செய்தேன். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர், விளக்கைப் போடாமல் வழக்கம்போல் நடந்து, அதில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். ‘நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சுப்பா, காலுக்குத்தான் ஞாபகம் இல்ல’ என்று அவர் மருத்துவமனையில் சொன்னதை இன்றும் என்னால் கடந்து போக முடியவில்லை. இருட்டில் பெரியவர்கள் கண்ணால் நடப்பதில்லை. பல ஆண்டுகள் பழகிய காலால் நடக்கிறார்கள். ஆகவே உங்கள் அப்பாவின் அறையில் மாற்ற வேண்டியதை அவர் வருமுன் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். வந்த முதல் நாள் பகலிலேயே கட்டிலிலிருந்து கழிவறைக்கும் கதவுக்கும் நாலைந்து முறை உடன் நடந்து பழக்குங்கள். இரவு விளக்கு ஒன்றை முழங்கால் உயரத்தில் எரியவிடுங்கள்; படுத்தபடியே எட்டும் தூரத்தில் ஸ்விட்ச் இருக்கட்டும். அதன்பின் சில மாதங்களுக்கு அந்த அறையில் ஒரு நாற்காலியைக்கூட அவருக்குத் தெரியாமல் நகர்த்தாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மெஷினை எங்கே போடுவது? – ஒரு வாசகி, செல்லூர்.

பதில்: ஜன்னல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி போடுங்கள். ஊசி உங்களுக்கு இடப்பக்கம் இருப்பதால் வெளிச்சம் நேராகத் தையலில் விழும். வலக்கையின் நிழல் துணியில் படாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் நிழலிலேயே தைக்க வேண்டியிருக்கும். மெஷினுக்கு இடப்பக்கம் 2 அடியாவது காலியாக இருந்தால் புடவையும் திரைச்சீலையும் தரையில் இழுபடாமல் மடிந்து நிற்கும்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். அடுத்த மாதம் இரண்டாம் மாடிக்குக் குடிபோகிறோம். ஆறரை அடி உயர இரும்பு பீரோ படிக்கட்டில் ஏறுமா, அறைக்குள் போனால் 7 அடியில் இருக்கும் பரணுக்குக் கீழே நிமிர்த்த முடியுமா? முடியாவிட்டால் சுவரோடு பதித்த கப்போர்டு செய்துகொள்ளலாமா? – ஒரு வாசகர், பழங்காநத்தம்.

பதில்: சொந்த வீடல்லாத இடத்தில் சுவரோடு பதிப்பதற்குப் பணம் போடாதீர்கள், வீட்டைக் காலி செய்யும் நாளில் அதைப் பெயர்த்து எடுத்தால் பலகையும் உடையும், சுவரும் கெடும். பீரோவே போதும், நிமிர்த்த முடியும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. படுத்த நிலையிலிருந்து நிமிரும்போது பீரோ தன் உயரத்தைவிடச் சற்று அதிக இடத்தைக் கேட்கும். நீங்கள் கொடுத்த அளவின்படி உயரம் 78 அங்குலம், ஆழம் 19 அங்குலம். அதன் மூலைவிட்டம் 80 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 6 அடி 8 அங்குலத்தைச் சற்றே தாண்டும். உங்கள் பரண் 84 அங்குலத்தில் இருப்பதால் அதன் கீழேயே நிமிர்ந்துவிடும். இதே அறையில் 84 அங்குல உயர மர அலமாரியைப் பரணுக்குக் கீழே வைக்க நினைப்பவர்கள்தான் ஏமாறுவார்கள். அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றும், நிமிராது.

சிக்கல் படிக்கட்டின் திருப்பத்தில்தான் வரும். படியின் அகலத்தை அளப்பதோடு நிறுத்தாமல், திருப்பத்தில் உள்ள மேடையின் நீள அகலத்தையும், அதற்கு மேலே தெரியும் அடுத்த படிவரிசையின் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் பீரோவை நிமிர்த்தித்தான் திருப்ப முடியும். கைப்பிடிச் சுவர் உள்ளே துருத்தியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஏற்றும் நாளில் உள்தட்டுகளையும் லாக்கரில் உள்ளவற்றையும் தனியே எடுத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி துருத்தியிருக்கும் முகப்பைப் பழைய போர்வையால் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அறைக்குள் கொண்டுவந்ததும் நான்கு காலும் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், பூட்டும் சரியாக விழாது. அந்தக் காலுக்கு அடியில் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்துச் சமன் செய்தபின் தட்டுகளை மாட்டுங்கள்.